நாற்பத்தோராவது போன்

ஆறரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்தான். பால் காய்ச்சினான். முந்தின நாள் சோற்றில் மோர் ஊற்றி டப்பாவில் அடைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். எட்டே முக்காலுக்கு வண்டியைக் கிளப்பினான்.

கோலார் தங்கவயலில் ஊரிகத்திலிருந்து ராபர்ட்சன்பேட்டை ஆபீசுக்குப் பத்து நிமிடம். வழியில் பழைய சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுப் புழுதி முகத்தில் அடித்தது.

பத்து நிமிடம்தான். ஏழு மாதமாக உதயை உறுத்திக்கொண்டிருப்பது அந்தத் தூரம்தான்.

வாசலில் செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டினான். இன்சூரன்ஸ் பேப்பர்கள் பார்க்கும் ஆபீஸ். உள்ளே யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேஜை போனுக்குத்தான் அடிக்க வேண்டும்.

அந்த மேஜை போன்கள் நாற்பத்தொன்றும் அவன் பொறுப்பு.

இன்று எல்லாவற்றையும் பெங்களூரில் இருக்கும் புது சர்வருக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு மேஜையாகப் போய், மெனுவைத் திறந்து, ஐ.பி. முகவரி, கேட்வே, சர்வர் என்று மூன்று வரி எண்களை அடித்துச் சேமிக்க வேண்டும். போன் அணையும். இரண்டு நிமிடம் கழித்துப் புது நெட்வொர்க்கில் எரியும்.

பழைய சர்வரை ஒரு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதில் பதிவாகியிருக்கும் குரல் எதுவும் புது சர்வருக்கு வராது.

பன்னிரண்டரைக்குள் நாற்பது போன் முடிந்தது. மிச்சம் அவனுடையது.

அதன் மூலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்கப்படாத ஒரு செய்தி.

"இன்னா உதய், ஊரு போனெல்லாம் மாத்திட்டு உன் போனை வுட்டுட்ட?" என்றான் அடுத்த மேஜை வின்னி. பிறகு குரலை இறக்கிக்கொண்டான். "அந்த லைட்டு இன்னியோட பூடும்ப்பா. கேக்கறதுன்னா இப்பவே கேட்டுடு. முடியலன்னா சொல்லு, நான் மாத்தி வெக்கிறேன். நீ கீழ போய் ஒரு டீ சாப்ட்டு வா."

உதய் உட்கார்ந்தே இருந்தான்.

ஏழு மாதம் முன்பு, இந்தப் போன்கள் புதிதாக வந்த நாள். அவன் உள் அறையில் உட்கார்ந்து எண்களை ஏற்ற, வின்னி ஒவ்வொரு போனாக அழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்தால் யாரும் எடுக்காதீர்கள் என்று உதய்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். நான்கு முறை அடித்துவிட்டுக் குரல் பதிவுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பதினொன்று நாற்பதுக்கு அவன் மேஜை போன் அடித்தது. உள் அறையிலிருந்தே எண்ணினான். நான்கு. நின்றது. சரியாக வேலை செய்கிறது என்று தாளில் டிக் போட்டான்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பக்கத்து வீட்டு சரோஜம்மா ஆட்டோவில் வந்து வாட்ச்மேனிடம் நின்றாள். வீட்டில் மயங்கிக் கிடந்த அவன் மனைவி பவ்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தாள்.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். பவ்யாவுக்கு இருபத்தாறு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆபீசுக்கு வந்தபோதுதான் விளக்கைப் பார்த்தான். திரையில் அவள் எண் இருந்தது. நேரம் பதினொன்று நாற்பது.

கடைசியாக என்னதான் சொன்னாள் என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேட்டார்கள். காலையில் வண்டி எடுக்கும்போது ஹெல்மெட்டை நீட்டி, "மறந்துட்டீங்களே" என்றாள் என்று சொன்னான். எல்லோரிடமும் அதையே சொன்னான்.

பட்டாணி வாங்கி வரச் சொல்லக்கூட அழைத்திருக்கலாம். அப்படித்தான் என்றால் இனி அவன் தூங்கலாம்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

ரிசீவரை எடுத்துப் பட்டனை அழுத்தினான். வின்னி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"அப்பாடா, எடுத்துட்டீங்களா," என்றாள் பவ்யா.

யார் எடுத்தது என்று அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அன்று காலை, பதிவு வேலை செய்கிறதா என்று பார்க்க, அழைப்பவர் காதில் முதலில் விழும்படி அவன் தன் குரலில் இரண்டே வார்த்தை பேசி வைத்திருந்தான். ஹலோ, சொல்லுங்க. அப்புறம் முழுசாகப் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

அவள் சொன்னாள்.

"தலைய ரொம்ப வலிக்குதுங்க. கண்ணு மங்கலா தெரியுது. கொஞ்சம் வர்றீங்களா?"

அவன் பதில் சொல்ல வேண்டிய இடம் காலியாக ஓடியது. பின்னால் மிக்சி ஓடும் சத்தம், சரோஜம்மா வீட்டிலிருந்து. திரையில் நொடிகள் நகர்ந்தன. பதினொரு நொடி அவள் காத்திருந்தாள்.

"வர்றேன்," என்றான் உதய் ரிசீவருக்குள்.

வின்னி திரும்பவில்லை.

மேனேஜர் பக்கத்தில் நின்றால் உதய் போனில் வாய் திறக்கமாட்டான். அவளாகவே சொல்லிவிட்டு, அவளாகவே வைத்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"சரி சரி, மேனேஜர் நிக்கறாரு போல. ஒண்ணும் பேச வேணாம்," என்றாள் பவ்யா. "சரோஜம்மாவை எதுக்குத் தொந்தரவு பண்றது, நீங்கதான் வர்றீங்களே. நான் கதவைத் தாப்பா போடாம வெக்கிறேன்."