கரைக்கும் கப்பலுக்கும் நடுவே

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஜாஸ்பரிடமிருந்து ஒன்பது நாளாக அழைப்பில்லை. அவன் மனைவி ஜெபஷீலா தேனியில் மாலை ஓவிய வகுப்பை மட்டும் விடவில்லை. அவனுக்குப் பிடித்த இரட்டைப் பாய்மர ஸ்கூனர் கப்பலை எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தாள்.

"எஞ்சின் இல்லாம காத்த மட்டும் நம்பிப் போகும் பாரு, அதான் அந்தக் காலத்துல படம் வரையிறவுக அதுகிட்ட மயங்கிக் கெடந்தாக" என்பான்.

திங்களன்று படத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடைவெளி எட்டு சென்டிமீட்டர். புதனன்று ஐந்து. வேறு ஸ்கேல் வைத்து அளந்தாள், ஐந்துதான்.

"நீ ஒழுங்கா அளந்திருக்க மாட்ட, ஆத்தா" என்றார், வீட்டில் அதைக் கேட்ட மாமியார் சாராள்.

வெள்ளிக்கிழமை கப்பல் கரையைத் தொட்டு நின்றது. தப்பு தன்மேல்தான் என்று நினைத்தாள். இருந்தாலும், அது விலகிவிடாதபடி பழுப்பு வண்ணத்தில் ஒரு கயிறு வரைந்து, கரையோடு கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் ஜாஸ்பர் நின்றிருந்தான்.

"ஏலே, எந்த பஸ்ஸுல வந்த? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" சாராள் அவன் கன்னத்தைத் தடவினார்.

"பசிக்குதும்மா."

"மொதல்ல கையக் கழுவு."

ஜெபஷீலா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அவன் உள்ளங்கைகளில் கயிறு பிடித்த தடம், பழுப்பு நிறத்தில், இன்னும் காயாமல் இருந்தது. எண்ணெய் வண்ணம் தண்ணீருக்குப் போகாது. பையிலிருந்த டர்பன்டைனை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள்.