கவுஸ் பாஷா பாடாத பாட்டு

"'கரும்புத் தோட்டக் காவல்காரி'ன்னு பாடினார்னா டீயில சக்கரை கம்மின்னு அர்த்தம். நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே முன்னி பேகம் கணவரின் டம்ளரில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் கேட்டு வந்திருந்த அமானும் அவன் தாய்மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கவுஸ் பாஷா முப்பது வருஷம் கல்யாணக் கச்சேரிகளில் பாடியவர். திருவண்ணாமலையில் அவர் குரல் கேட்காத மண்டபமே கிடையாது. எட்டு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. ஆனால் பழைய சினிமாப் பாட்டுகள் மட்டும் எப்படியோ தப்பிவிட்டன. "மூளையில பாட்டு வேற ரூம்ல குடியிருக்கும்மா" என்று டாக்டர் சொன்னார்.

அன்றிலிருந்து மனுஷன் எது கேட்டாலும் பாட்டுத்தான். அர்த்தம் சொல்வது முன்னி பேகத்தின் வேலை. 'ஊஞ்சல் ஓயுதே' என்றால் ஃபேன் நின்றுவிட்டது. 'ராஜகுமாரி ரதம் வருது' என்றால் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை முடிந்து மகள் தஹ்சீனின் ஸ்கூட்டர் வந்துவிட்டது. அவர் பாட்டில் தனக்குத் தெரியாத அர்த்தமே இல்லை என்று அவளுக்கு ஒரு கர்வம் கூட உண்டு.

தஹ்சீனுக்கு அமானை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் காலையிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டாள். "அப்பா வாயால சரின்னு வரணும் அம்மி. வரலைன்னா வேணாம்." தலையாட்டலை நம்ப முடியாது. பாவம், ஆமாவுக்கும் இல்லைக்கும் அவருக்கு ஒரே ஆட்டல்தான்.

உள்ளே பிரியாணி தம்மில் இருந்தது. வாசனை கூடம் வரைக்கும் வந்து ஆளை இழுத்தது. ஆனால் மாமா கறாராகச் சொல்லிவிட்டார். "பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்லம்மா. டீயோட நிறுத்திக்கறோம்."

பிறகு அவர் கவுஸ் பாஷா பக்கம் திரும்பினார். "பாய், எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் கொடுக்கறீங்களா?"

கவுஸ் பாஷா அமானை மேலும் கீழும் பார்த்தார். சமையலறைத் திரையைப் பார்த்தார். கண்ணை மூடி, குரலை எடுத்தார்.

"வாசலோடு நின்றுவிடு வந்த மேகமே... என் வீட்டினிலே பூப்பதற்குக் கொடியில்லையே..."

முன்னி பேகத்துக்குத் திக்கென்றது. இந்தப் பாட்டை வீட்டில் அவர் ஒரு நாளும் பாடியதில்லை.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார் மாமா.

"அது... வேர்க்குதுன்னு சொல்றாரு. மேகம்னா மழை, மழைன்னா குளுகுளுன்னு..."

"ஃபேன் நல்லாத்தானே ஓடுது!"

அமான் மெல்லக் கனைத்தான். "மாமா, இப்படியும் இருக்கலாம். கொடி இனிமே இங்க பூக்காதாம். எங்க வீட்டுக்கு வந்து பூக்கப்போகுதாம்."

திரைக்குப் பின்னால் தஹ்சீன் சிரித்தது கேட்டது. அடடா, பிள்ளை தேறிவிட்டான் என்று முன்னி பேகம் பூரித்துப்போனாள்.

மாமாவோ மசியவில்லை. "சும்மாயிருடா. மேகம்னா நாமதான். கொடின்னா பொண்ணு. உங்களுக்குப் பொண்ணு கிடையாது, வாசலோட போயிடுங்கன்னு மனுஷன் மரியாதையா சொல்லிட்டாரு. இதுக்கு மேல உட்கார்ந்தா நமக்குத்தான் அசிங்கம்."

அவர் எழுந்தார். கவுஸ் பாஷா குரலை உயர்த்தினார். நல்ல கையால் நாற்காலியைத் தட்டித் தட்டி அதே வரியைப் பாடினார். மாமா விறுவிறுவென்று போய்ச் செருப்பை மாட்டினார். திரைக்குப் பின்னால் சிரிப்பு நின்று விசும்பல் கேட்டது.

"ஒரே ஒரு நிமிஷம்ணே, உங்க கால்ல வேணா விழறேன்!" என்ற முன்னி பேகம் போனை எடுத்தாள். கச்சேரிகளில் அவரோடு கீபோர்டு வாசித்த தசரதனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பதற்றத்தில் அந்த வரியைத் தானே பாடியும் காட்டினாள்.

"அந்தப் பாட்டா!" மறுமுனையில் தசரதன் விழுந்து விழுந்து சிரித்தான். "யாருக்குக் கல்யாணம் பாபி?"

"கல்யாணமா? இங்க பேச்சே முறியற மாதிரி இருக்குண்ணே. வந்தவங்களை வாசலோட போகச் சொல்றாராமே!"

"அய்யோ பாபி, நீங்க ஒரு கச்சேரிக்காவது வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாட்டு நல்லாருந்தா கூட்டம் சேரை விட்டு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. பந்தி ரெடின்னு சமையல்கார பண்டாரி கையைக் காட்டினதும் பாஷா இந்த அழுமூஞ்சிப் பாட்டை எடுப்பான். ரெண்டாவது வரிக்குள்ள சனம் மொத்தமும் சாப்பிடப் போயிடும். அவன் போகச் சொல்லலை பாபி, சம்பந்திங்களுக்கு இலையைப் போடச் சொல்றான்!"

கூடத்தில் கவுஸ் பாஷா பாட்டை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா செருப்பைக் கழற்றினார். "கை கழுவத் தண்ணி எங்கம்மா இருக்கு?"