முன்சீட்டு அளவு

முன்னால் வா கண்ணு. ஏன் பின்னாலேயே நிற்கிறாய்? இடம் இருக்கிறது. சின்னக் கதைதான், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒரு பைக் சீட்டு தைக்கக் கொடுத்த கதை.

அவள் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் அடிவரை போயிற்று. வேண்டாம்.

அடுத்த துண்டு. விரல் பாதியில் நின்றது. இது.

மெத்தென்று இருக்கிற சீட்டு கடையில்தான் சுகம். நெடுந்தூரம் போனால் அதுவே பலகை. யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் இடுப்பு சொல்லித் தந்தது.

போன தடவை கோவாவிலிருந்து திரும்பும்போது தொடை மரத்துப்போய், பெட்ரோல் பங்கில் இறங்க முடியாமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். இதே சீட்டில் இனிமேல் தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தை பிறந்தால் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. அவள் பல வருஷமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த சாலை.

சீட்டு சரியாக அமைந்தால் கட்ச். அமையாவிட்டால் வீடு.

அதற்காகத்தான் சேலத்தில் இந்தக் கடைக்கு வந்தது.

ஃபோம் துண்டோடு திரும்பினாள்.

அவள் வீட்டுக்காரன் கோதண்டன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை.

அந்தக் கடையில் அளவு எடுப்பது அப்படித்தான். ஓட்டுகிறவரை அட்டைமேல் உட்காரவைத்துக் காலைத் தூக்கச் சொல்வார்கள். எழுந்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். உட்காருகிற எலும்பின் தடம். அந்தக் குழிக்குத் தகுந்தாற்போல முன்சீட்டை வெட்டுவார்கள்.

ஓட்டுகிறவரை.

கடைக்காரர் ஷாநவாஸ் அவனை எழுப்பிவிட்டு, குழிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். கோவா வரைக்கும் இந்தப் பலகையிலா ஓட்டிக்கொண்டு போனீர்கள் என்று வியந்தார்.

கோதண்டன் பொய் சொல்லவில்லை.

சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கம்.

எதிரே லாரி வந்தால் அவனுக்குக் கை நடுங்கும். அதனால் நெடுஞ்சாலை அவளுடையது. மழை, புழுதி, மலைப்பாதை வளைவு எல்லாம் அவளுடையது. அவன் பின்னால்.

ஆனால் அவன் ஊர் எல்லையில் ஒரு சிமென்ட் வளைவு உண்டு. அது கண்ணில் பட்டதும் அவள் தோளில் இரண்டு தட்டு விழும். நிறுத்து என்று அர்த்தம். இறங்கி இடம் மாறுவார்கள். அவன் ஓட்டுவான். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறுவாள். பொண்டாட்டியை எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறான் பார் என்று ஊர் மெச்சும்.

அப்போதும் இதே சிரிப்பு.

அரைக் கிலோமீட்டர்தானே என்று விட்டிருந்தாள்.

இது அரைக் கிலோமீட்டர் இல்லை.

அவள் எலும்புக்கு வெட்ட வேண்டியதை அவன் எலும்புக்கு வெட்டப் போகிறார்கள். நானில்லை, அவள் என்று ஒரு வார்த்தை போதும். அவன் வாயைத் திறக்கவில்லை. பங்கில் அவள் தொடையைத் தேய்த்துவிட்டவன். அவனுக்குத் தெரியாதா?

காது மடல் சுட்டது அவளுக்கு.

ஷாநவாஸ் நல்ல மனுஷர். அவளையும் கவனித்தார்.

"அக்கா, உங்களுக்குப் பின்னாடி மெத்துன்னு போட்டுத் தர்றேன். தூங்கிட்டே போலாம்."

அவள் அடுக்கின் பக்கம் போனாள்.

அடுக்கிலிருந்து புது அட்டை ஒன்றை உருவினாள். முக்காலியில் வைத்தாள். உட்கார்ந்தாள். இரண்டு காலையும் தூக்கினாள்.

எழுந்து, கோதண்டனின் அட்டையை எடுத்து ஷாநவாஸிடம் நீட்டினாள்.

"இது பின்சீட்டுக்கு."

மூலையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

ஷாநவாஸ் அவனைப் பார்த்தார். அவன் சுவரில் மாட்டியிருந்த ரெக்சின் நிறங்களைப் பார்த்தான். ஷாநவாஸ் குனிந்து அவளுடைய குழிகளைச் சுற்றி வட்டம் போட்டார். அவள் கையிலிருந்த ஃபோமை வாங்கிக்கொண்டார். அப்புறம் குரலை இறக்கி, அண்ணனுக்கு மெத்தென்று போட்டுவிடலாமா என்று அவளிடமே கேட்டார்.

போடுங்கள் என்றாள்.

தெருவுக்கு வந்ததும், ஒரு கடைக்காரன் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்றான் கோதண்டன்.

யாருடைய மானம் என்று அவள் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

மறு வாரம் புதுச் சீட்டோடு அவன் ஊருக்குப் போனார்கள். பெரியப்பா வீட்டில் காதுகுத்து.

வழியெல்லாம் அவன் வாய் பேசவில்லை. அவள் இடுப்பும் பேசவில்லை. இத்தனை காலத்தில் முதல் தடவையாக.

வளைவு தெரிந்தது.

தோளில் இரண்டு தட்டு.

வண்டி நிற்கவில்லை.

மறுபடியும் இரண்டு தட்டு. இந்தத் தடவை பலமாக.

வளைவுக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் பெரியப்பா. வாய்க்குப் போன கிளாஸ் பாதியில் நின்றது.

அதைத் தாண்டி வேகத்தடை.

வண்டி துள்ளியது.

தட்டிய கை, தட்டிய இடத்தையே இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கடைத்தெரு முடிகிறவரை அது அங்கேயே இருந்தது.

போய் வா கண்ணு, உன் வீடு நன்றாக இருக்கட்டும். அங்கே முன்னால் உட்காருகிறவர்களுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்கட்டும். பின்னால் உட்காருகிறவர்களுக்கு வாய் திறக்கட்டும்.