அண்ணன் வேஷத்துக்கு ஓர் ஆள்

"புருஷனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. அவகிட்டப் போய் மெஷினைக் குடு, மெத்தையைக் குடுன்னு கேட்டிருக்கீங்களே, வெட்கமா இல்லையாண்ணே?"

தவோங்கா பொரிந்து தள்ளினாள். கோண்ட்வே பிக்கப் வண்டியின் பின்கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

முசூசு நகரத்து மனித உரிமைச் சங்கம் ஒன்றுக்காக இருவரும் ஏரிக்கரை ஊர்களில் தெருநாடகம் போடுகிறவர்கள். புருஷன் செத்ததும் அவன் கூடப்பிறந்தவர்கள் வந்து பானை சட்டி வரை வழித்துக்கொண்டு போவார்கள் இல்லையா, அது குற்றம் என்று சொல்லும் நாடகம். விதவையாக அழுவது தவோங்கா. மேளமும் மற்ற வேஷங்களும் உள்ளூர் ஆட்கள். மேடைச் சாமான்களும் உள்ளூர் இரவல்தான்.

அதற்காக, அத்தனை சாமானையும் இரவல் கேட்க எஸ்னாத் வீடுதானா கிடைத்தது? அவள் கணவன் மீன் பிடிக்கப் போய் ஏரியில் மூழ்கிச் செத்துப்போனான். கைக்குழந்தையும் ஒரு தையல் மெஷினும் கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமானும்தான் மிச்சம். அந்த மெஷின் ஓடினால்தான் இரண்டு வயிறும் நிறையும்.

"நாளைக்கு அவ புருஷனோட அண்ணன் யோபே பங்கு பிரிக்க வர்றாராம். ஊர் பூரா அதுதான் பேச்சு. போலீஸ்ல சொல்லலாமில்ல?"

"அவ போய்ச் சொல்லிப் பார்த்துட்டா. குடும்ப விஷயம், உங்களுக்குள்ள பேசிக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க."

"அப்ப நாம ஆடி என்ன புண்ணியம்? இன்னிக்கு நல்லாக் கை தட்டுவாங்க. நாளைக்கு மெஷின் போயிடும். எத்தனை ஊர்ல பார்த்தாச்சு!"

"நீ இன்னிக்கு நல்லா அழு. வண்டி கிளம்பும்போது அழுதுக்கிட்டே பின்னாடி தொத்தி ஏறிக்கோ. என்ன ஆனாலும் இறங்காதே."

இது நாடகத்தில் இல்லாத சங்கதி. ஏன் என்று கேட்பதற்குள் மேளம் தட்டிவிட்டார்கள்.

மாமரத்தடியில் நல்ல கூட்டம். கோண்ட்வே நடுவில் வந்து நின்றார்.

"அண்ணன் வேஷத்துக்கு ஓர் ஆள் வேணும்! கொஞ்சம் கம்பீரமா, கொஞ்சம் கல்நெஞ்சா!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தனை கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே யோபே நின்றிருந்தார்.

"யோபே ஐயா! நீங்கதான் வரணும்! உங்களை விட்டா வேற யாரு?" என்றார் கோண்ட்வே.

தவோங்கா அவரை முறைத்தாள். திருடப் போகிறவனுக்கு மாலை போட்டு மேடையேற்றுகிறாரே, இந்த மனுஷனுக்கு என்னதான் ஆச்சு?

யோபே தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவே இல்லை. நாளைய வசனம்தானே, நாக்கு நுனியிலேயே இருந்தது.

"எல்லாம் என் தம்பி சம்பாத்தியம்டி! நீ வரும்போது என்னத்தைக் கொண்டு வந்தே? கையை வீசிக்கிட்டுத்தானே வந்தே!"

"ஐயோ, கொல்றான்யா மனுஷன்!" என்று யாரோ கத்த, ஒரே கைதட்டல். யோபேவுக்குத் தலைகால் புரியவில்லை. பானைகளை வண்டியில் ஏற்றினார். சைக்கிளை ஏற்றினார். மெஷினை மட்டும் வேறு ஒருத்தரையும் தொடவிடவில்லை. அடியில் மெத்தையை விரித்து, தானே தூக்கி வைத்து, கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினார்.

"விடுங்க, என் புள்ளைக்குச் சோறு போடுற மெஷின்!" என்று தவோங்கா கதறினாள். அந்த அழுகையில் பாதி நிஜம்.

யோபே வண்டியின் கூரையைத் தட்டினார். "ஓட்டுய்யா! என்ன வேடிக்கை?"

கோண்ட்வே ஓட்டினார். தவோங்கா தொத்தி ஏறிக்கொண்டாள். கூட்டத்தில் எஸ்னாத்தைத் தேடினாள். முன்வரிசையில் நின்றவளைக் காணோம். பார்க்கப் பொறுக்காமல் போயிருப்பாள், பாவம். யோபே தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி திரும்ப வரும், வழக்கம் அதுதான். பள்ளிக்கூடம் போனது. சர்ச் போனது. மீன் காயவைக்கும் பரண்களும் போயின.

"அண்ணே! திரும்பலையா? கூட்டம் காத்துக்கிட்டிருக்கு!"

தார் ரோட்டு முனையில்தான் வண்டி நின்றது. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு மூட்டையோடு, குறுக்குப் பாதையில் முன்னாலேயே வந்து எஸ்னாத் நின்றிருந்தாள்.

"ஏறும்மா. இருட்டுறதுக்குள்ள உங்க அம்மா வீட்டுல இறக்கிடறேன்" என்றார் கோண்ட்வே.

தவோங்கா கை கொடுத்து அவளை மேலே ஏற்றினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா இப்படி அழுதிருப்பியா?"

"யோபே சும்மா விடுவாராண்ணே?"

"ஊரே பார்க்கத் தன் கையாலயே ஏத்தினாரு. தன் வாயாலயே ஓட்டச் சொன்னாரு. யாருகிட்டப் போய் என்னன்னு புகார் சொல்லுவாரு?"

வண்டி குண்டுங்குழியில் குதித்தது. தவோங்கா பதறிப்போய் மெஷினைப் பிடிக்கப் போனாள்.

எஸ்னாத் சிரித்தாள். புருஷன் போன பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள் போலிருக்கிறது.

"விடுங்கக்கா, அது அசையாது. நாளைக்குத் தனக்குத்தான்னு நினைச்சில்ல கட்டியிருக்காரு!"