கடைசி வரிக்கு ஒரு பருக்கை

அடுப்படியில் மூன்று பேர். அடுப்பருகே பலகையில் நேசம்மா பழஞ்சோறு பிசைகிறாள். கதவோரம் திருவலையில் அவளுடைய தமையன் நவரட்ணம் தேங்காய் திருவுகிறார். நடுவே பாயில், முழங்காலில் பழைய சோதனைத்தாளின் பின்பக்கத்தை விரித்தபடி, அவர் மனைவி தேவகுமாரி. இரண்டு வருடமாக அவளுக்குக் கதை வரவில்லை. எழுதப் பழக்கும் புத்தகமொன்று சொன்னபடி, கண்முன் இருப்பதைத் தினமும் விடியப் பத்து வரி எழுதி எழுதி, இன்றைக்குத்தான் ஒரு கதை முடியப் பார்க்கிறது. கடைசி வரி மட்டும் பிடிபடவில்லை. கதையைக் கொழும்புப் பத்திரிகைக்குக் கொண்டுபோகவிருக்கும் கனகரட்ணம் வாசல் படலையில் சைக்கிள் மணியை அடிக்கிறார். “பிள்ளை, வள்ளம் எனக்காக நிக்காது!” “இந்தா வாறன் அண்ணை!” என்கிறாள் தேவகுமாரி. “என்னையும் எழுதிறியளோ மச்சாள்? சொல்லியிருந்தா நல்ல சீலை உடுத்திருப்பன்,” என்கிறாள் நேசம்மா. “உன்ரை வாயை எழுதவே தாள் காணாது,” என்கிறார் நவரட்ணம். கூரை ஓட்டிடுக்கால் இறங்கும் வெயிலில் புகை மெல்ல அசைகிறது. உள்வெளியாகத் திருப்பி மடித்த பழைய கடித உறையை ஒட்டப் பசையில்லை. நேசம்மா விரல் நுனியில் ஒரு சோற்றுப் பருக்கையை நீட்டுகிறாள். தேவகுமாரி அதை வாங்காமல் அந்த விரலையே பார்க்கிறாள். பிறகு குனிந்து கடைசி வரியை எழுதுகிறாள். “கை உளையுது மச்சாள்!” “கொஞ்சம் அப்பிடியே பிடியும்.” எழுதி முடிந்ததும் தாளை மடித்து உறைக்குள் வைத்து, பருக்கையை வாங்கி, உறையின் வாயில் வைத்து நசித்து ஒட்டிக்கொண்டு படலைக்கு ஓடுகிறாள். உறையை வாங்கிக்கொண்டு போனவரின் மணி ஒழுங்கை முடக்கில் இன்னொருதரம் கேட்கிறது.