தட்டில் குப்புறக் கிடக்கும் போன்

ஸ்கேன் அறைக்கு வெளியே, மேசைமேல் இருக்கிற பிளாஸ்டிக் தட்டில், ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து அவனோடு உட்கார்ந்திருக்கும் மனைவியின் தோட்டுக்கும் வளையலுக்கும் பக்கத்தில் அவனுடைய போன் குப்புறக் கிடக்கிறது. வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. மூன்று கேமரா. தட்டு அதிரும்படி அது ஒருமுறை உறுமுகிறது. இரண்டு குட்டி அதிர்வு என்றால் மெசேஜ், ஒரே நீள அதிர்வு என்றால் ஏதோ ஆப் அப்டேட் கேட்கிறது. இது நீளம். எந்த ஆப்? அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றைய இரண்டு ஜிபியில் பாதிகூடத் தீரவில்லை. வெறுப்பேற்றுவதற்கென்றே எதிர்ச்சுவரில் வைஃபை பாஸ்வேர்டை வேறு ஒட்டிவைத்திருக்கிறார்கள். அவன் எழுந்து மேசைப் பக்கம் கையை நீட்ட, உள்ளேயிருந்து வரும் நர்ஸ், "சார், போனைத் தொடாதீங்க. டாக்டர் படத்தைப் பார்த்துட்டிருக்காங்க. இன்னொரு தடவை எடுக்கணுமோ என்னமோ, எடுத்தா நீங்களும் கூட உள்ளே வரணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போகிறாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அவன் உட்கார்ந்து மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறான். வளையல் இல்லாத மணிக்கட்டு சில்லென்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவன் கட்டைவிரல் அவள் உள்ளங்கையைக் கீழிருந்து மேலே தள்ள ஆரம்பிக்கிறது. தள்ளுகிறது, நிற்கிறது, மறுபடி தள்ளுகிறது. கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் அவள் முகத்தைத் திருப்பாமல் கேட்கிறாள்.

"என் கையில என்னங்க நியூஸ் வந்திருக்கு?"

விரல் அப்படியே நிற்கிறது.

"இன்னும் லோடு ஆகுது," என்கிறான். "கையை எடுத்துடாதே."