பதினைந்து நாள் லீவு

"சார், 'பதினஞ்சு நாள் லீவு எடுக்க உரிமை இருக்கு'ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

கொரியாவின் நோன்சான் ஊர் முதியோர் ஆங்கில வகுப்பில் ஒக்புன் அம்மாள் எழுந்து நின்று கேட்டாள். விரல்களில் இன்னும் ஸ்ட்ராபெரிக் கறை.

"என்டைட்டில்ட் டு" என்று பலகையில் எழுதினார் ஆசிரியர் ப்யோ. "ஏம்மா, கொரியன்லயே சொல்லலாமே?"

"நூறு தடவை சொல்லியாச்சு சார். காதுலயே போட்டுக்கல. வெளிநாட்டு ஆளு, இங்கிலீஷ்னா நல்லாப் புரியும்."

ஆசிரியருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இந்த வயசுல ஒரு லீவுக்கு இவ்வளவு பாடா? காலையில நானும் வரேன், நேர்லயே கேட்டுடலாம்!"

"வாங்க சார். நீங்களும் எடுத்துச் சொன்னா நல்லதுதான்."

மறுநாள் ஒக்புன் அம்மாளோடு ஸ்ட்ராபெரிப் பசுமைக்குடிலுக்குள் நுழைந்ததுமே ஆசிரியர் முதலாளியைத் தேடினார். பழம் பறித்துக்கொண்டிருந்த நேபாளத் தொழிலாளி தில் பகதூர் எழுந்து குனிந்து வணங்கினான்.

"வணக்கம், முதலாளியம்மா!"

ஆசிரியர் திகைத்துத் திரும்பினார். பின்னால் நின்ற ஒக்புன் அம்மாள் விமான டிக்கெட்டை அவனிடம் நீட்டி, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

"தில், யூ ஆர் என்டைட்டில்ட் டு லீவ்! போய் உன் பிள்ளை முகத்தைப் பாரு."

"பழம் பறிக்கிற நேரம்மா... எனக்குப் பரவால்ல."

"பாத்தீங்களா சார்? முட்டி ஆபரேஷன் ஆகி நான் படுத்துக் கிடந்தப்ப, குளிர்காலம் பூரா இந்தத் தோட்டத்தைக் காப்பாத்தினவன் இவன்தான். எதுக்கெடுத்தாலும் 'பரவால்ல'ங்கிறத எங்க ஊர்க்காரங்களப் பாத்துக் கத்துக்கிட்டான்."

அவள் டிக்கெட்டை அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"இனிமே 'பரவால்ல'ன்னு சொல்ற உரிமை மட்டும் உனக்குக் கிடையாதுடா!"